செயலி சொல்லும் சேமிப்பும் பில் சொல்லும் சேமிப்பும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். திருச்சியில் சொந்த வீடு. 2025 பிப்ரவரியில் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். 540 வாட் பேனல்கள் ஆறு. செலவு 1,95,000 ரூபாய். மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்தில் 590 யூனிட் உற்பத்தி என்றும், 4,720 ரூபாய் சேமிப்பு என்றும் கைப்பேசிச் செயலி காட்டுகிறது. சென்ற ஆண்டு இதே இரு மாதத்துக்கு 710 யூனிட்டுக்கு 3,920 ரூபாய் கட்டினோம். இப்போது வந்திருக்கும் பில் 846 ரூபாய். அப்படியானால் மிச்சமானது 3,074 ரூபாய்தானே? எந்தக் கணக்கு சரி? பில் பூஜ்யம் ஆகிவிடும் என்றுதான் போட்டுக்கொடுத்தவர் சொன்னார். இப்போது இன்னும் 2 கிலோவாட் சேர்த்தால் ஆகிவிடும் என்கிறார். 1,10,000 ரூபாய் கேட்கிறார். ஏப்ரலில் ஒரு நாளைக்கு 14 யூனிட் வரை வந்தது, இப்போது 10-ஐத் தொடுவதே அரிது. அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே 3 கிலோவாட்தான், அவருக்கு நாளுக்கு 2 யூனிட் கூடுதலாக வருகிறது. பேனல் அதற்குள் பழுதாகிவிட்டதா? சோலார் போட்டதும் வந்த முதல் பில் முன்பைவிடக் கூடுதலாக இருந்ததும் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஜூன் மாதம் மகன் குடும்பத்துடன் இங்கேயே வந்துவிட்டான். பில்களின் நகலையும் மாடியின் புகைப்படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஐயா, வணக்கம். பில் நகல்களை அனுப்பியது நல்லதாயிற்று. சோலார் பற்றி என்னிடம் வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றில் செயலியின் படம் மட்டும் இருக்கும். மீட்டர் ரீடிங் இருக்காது. அதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மகன் குடும்பம் வந்துவிட்டது என்று, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய அக்டோபர்-நவம்பர் பில்லில் இரண்டு ரீடிங் இருக்கின்றன. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வந்தது, அதாவது இம்போர்ட், 620 யூனிட். உங்கள் மாடியிலிருந்து வெளியே போனது, அதாவது எக்ஸ்போர்ட், 290 யூனிட். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் 330 யூனிட்டுக்குத்தான் 846 ரூபாய் போட்டிருக்கிறார்கள். இதோடு செயலி காட்டும் 590 யூனிட்டைச் சேர்த்துப் பாருங்கள். உற்பத்தியான 590-இல் 290 வெளியே போய்விட்டது. 300 யூனிட் வீட்டிலேயே செலவாகியிருக்கிறது. வெளியிலிருந்து 620 வந்திருக்கிறது. ஆக, உங்கள் வீடு இந்த இரண்டு மாதத்தில் உண்மையில் செலவழித்தது 920 யூனிட். சென்ற ஆண்டு இதே காலத்தில் 710. செலவு 210 யூனிட் ஏறியிருக்கிறது. நாளுக்கு ஏறக்குறைய மூன்றரை யூனிட். கூடுதலாக ஒரு குடும்பம் குடியேறியிருக்கும் வீட்டுக்கு இது இயல்பான ஏற்றம்தான். மாடி அறையில் ஏசி ஓடுகிறதா, மின்சார ஸ்கூட்டர் ஏதும் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சோலார் போட்டவர்கள் அனைவரும் செய்ய வேண்டிய கணக்கு இதுதான்: உற்பத்தியிலிருந்து எக்ஸ்போர்ட்டைக் கழித்து, இம்போர்ட்டைக் கூட்டினால் வீட்டின் மொத்தச் செலவு வந்துவிடும். இந்த எண் தெரியாமல் சேமிப்பைப் பற்றி யாரும் பேச முடியாது. பில்லில் இந்த எண் இருக்காது, ஏனென்றால் மாடியில் உற்பத்தியாகி வீட்டுக்குள்ளேயே செலவான 300 யூனிட்டை, வருவதையும் போவதையும் தனித்தனியே எண்ணும் வாசல் மீட்டர், அதாவது நெட் மீட்டர், பார்ப்பதே இல்லை. செயலியிலும் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் செயலிக்கு எண்களை அனுப்புவது, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர்; வெளியிலிருந்து வருவதை அது பார்ப்பதில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலை நம்முடையது.

இனி ரூபாய்க் கணக்கு. உங்கள் பில் காலத்தில் நடப்பில் இருந்த வீட்டு இணைப்புக் கட்டணம் 2024 ஜூலையில் வந்தது. இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. செலவு 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும், 101-இலிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1,000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55.

சோலார் இல்லாமல் இந்த 920 யூனிட்டையும் நீங்கள் விலைக்கு வாங்கியிருந்தால் பில் 6,030 ரூபாய் வந்திருக்கும். வந்ததோ 846. வித்தியாசம் 5,184 ரூபாய். ஐயா, உங்கள் சோலார் இந்த இரண்டு மாதத்தில் செய்த வேலையின் மதிப்பு இதுதான். நீங்கள் நினைத்த 3,074-ஐவிட அதிகம், செயலி சொல்லும் 4,720-ஐவிடவும் அதிகம்.

செயலி ஏன் குறைத்துச் சொல்கிறது? அதற்கு நம் ஊர்க் கட்டணப் படிகள் தெரியாது. பொருத்தியவர் முதல் நாளில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஓர் எண்ணைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். 590-ஐ எட்டால் பெருக்கினால் 4,720. களத்தில் குவிந்திருக்கும் நெல்லை வைத்தே வருமானத்தைச் சொல்லிவிடுவதைப் போன்ற கணக்கு இது. சிலர் வீட்டில் இதே எண் 5 என்று இருக்கும், சிலர் வீட்டில் வெளிநாட்டு நாணயமே பதிவாகியிருக்கும். செயலியில் ரூபாய் என்று வரும் எதையும் பார்க்காதீர்கள். யூனிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் படிப்படியாக ஏறுவதால், சோலார் குறைப்பது எப்போதும் மேல்படியிலிருந்துதான். உங்கள் 590 யூனிட் முதலில் 10.50 ரூபாய்ப் படியில் இருந்த 120 யூனிட்டை நீக்கியது, பிறகு 9.45 படியில் இருந்த 200, அப்புறம் 8.40 படியில் இருந்த 100, அதன் பிறகே கீழ்ப்படிகளுக்கு வந்தது. 500-க்குக் கீழே இறங்கியதால் 2.35 ரூபாய்ச் சலுகையும் திரும்பக் கிடைத்தது. அதனால்தான் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் 80 காசு மிச்சமாகியிருக்கிறது. இதே பேனல், இதே வெயில், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டில் இருந்திருந்தால் இதில் பாதிகூட மிஞ்சியிருக்காது. ஆகவே அடுத்தவர் சொல்லும் சேமிப்புத் தொகையோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம்.

நீங்கள் எடுத்த 3,074 கணக்கும் தவறில்லை. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு உங்கள் கையைவிட்டுப் போகாமல் நின்ற பணம் அது. 5,184-க்கும் 3,074-க்கும் இடையே இருக்கும் 2,110 ரூபாய், கூடுதலாகச் செலவழித்த 210 யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்திருக்க வேண்டிய தொகை. மகன் குடும்பம் எப்படியும் வந்திருக்கும் என்றால் அந்தத் தொகையைச் சேமிப்பில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். என் கணிப்பில் உங்கள் வீட்டுக்கு அதுவே பொருந்தும். ஆனால் ‘சோலார்தானே, ஓடட்டும்’ என்று ஆளில்லாத அறையிலும் ஏசி ஓடுகிறது என்றால், அது சேமிப்பில் சேராது. வீட்டாரோடு உட்கார்ந்து பேசி நீங்களே முடிவுசெய்ய வேண்டியது அது.

பூஜ்யம் என்று சொன்னவரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய 710 யூனிட்டிலேயே உங்கள் வீடு நின்றிருந்தால், 590 போக 120 யூனிட்டுக்குத்தான் பில் வந்திருக்கும். 47 ரூபாய். அவர் சொன்னது உங்கள் பழைய வீட்டுக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அவர் இப்போது சொல்லும் அடுத்த யோசனைக்கு நான் உடன்பட மாட்டேன்.

இன்னும் 2 கிலோவாட் போட்டால் இந்தப் பருவத்தில் இரு மாதத்துக்கு மேலும் 360 யூனிட் அளவுக்கு வரும். பில்லும் பூஜ்யமாகலாம். ஆனால் நீங்கள் இப்போது கட்டுவதே 846 ரூபாய். அதற்கு மேல் மிச்சப்படுத்த அங்கே எதுவும் இல்லை. விலை உயர்ந்த படிகளையெல்லாம் முதல் 3 கிலோவாட்டே விழுங்கிவிட்டது. அடுத்த 2 கிலோவாட்டுக்குக் கிடைப்பது 2.35, 4.70 ரூபாய் யூனிட்டுகள்தான். சோலார் போட்டபின் வந்தவற்றில், அந்த முதல் பில்லைத் தவிர்த்தால், ஏப்ரல்-மே பில்தான் பெரியது, 1,238 ரூபாய். ஆறு பில்லுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 6,000 ரூபாய் மிஞ்சினாலே பெரிது. அதற்கு 1,10,000 முதலீடு. போட்ட பணம் திரும்பவே பதினெட்டு ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் இன்வெர்ட்டரையே ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மானியம் 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. நீங்கள் அதை முழுமையாக வாங்கிவிட்டீர்கள். பூஜ்யம் என்ற எண்ணைப் பில்லில் பார்க்கும் ஆசைக்காக இவ்வளவு பணத்தைக் கூரையில் வைக்க வேண்டாம்.

செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் மின்விசிறிகளை மாற்றுங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். புதிய பிஎல்டிசி வகை 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் நான்கு விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் குறையும், பில்லில் 600 ரூபாய் இறங்கும். ஒரு விசிறி 3,000 ரூபாய் என்று வைத்தாலும் மூன்றரை ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும்.

முதல் 3 கிலோவாட்டின் முதலுக்கு வருவோம். மானியம் போக உங்கள் கைப்பணம் 1,17,000. இந்த இரு மாதக் கணக்கையே ஆண்டு முழுவதற்கும் நீட்டினால், 5,184 என்ற கணக்கில் நான்கு ஆண்டுக்குள்ளும், 3,074 என்ற கணக்கில் ஆறு ஆண்டுக்குச் சற்று மேலும் முதல் திரும்பும். மழைக்கால பில்லை வைத்துப் போட்ட கணக்கு இது. ஆறு பில்லும் கைக்கு வந்தபின் ஒரு முறை ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். அதுதான் நம்பத்தக்கது.

அடுத்து, பேனல் பழுதா என்ற கேள்வி. ஏப்ரலில் 14, இப்போது 10. இதைப் பார்த்துப் பதற வேண்டாம். பேனல் தேய்வது முதல் ஆண்டில் 2 சதவீதம் அளவு, அதன்பின் ஆண்டுக்கு அரை சதவீதத்தைச் சற்று ஒட்டித்தான். ஏழு மாதத்தில் கால்வாசிக்கு மேல் குறைந்தது தேய்மானத்தால் இருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலம், மேகம், குறுகிய பகல், தாழ்ந்த சூரியன் எல்லாம் சேர்ந்த குறைவு இது. சோலார் உற்பத்தியை எப்போதும் ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை யூனிட் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் பேனல்கள் மொத்தம் 3.24 கிலோவாட். 61 நாளில் 590 யூனிட் என்றால் நாளுக்கு 9.7, ஒரு கிலோவாட்டுக்கு 3 யூனிட். தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி 4 யூனிட் என்று எடுத்துக்கொண்டால், ஐப்பசி கார்த்திகையில் 3 என்பது மோசமில்லை.

ஆனால் அடுத்த வீட்டுக்காரர் விஷயத்தை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். அவரிடமிருப்பதும் 3 கிலோவாட் என்கிறீர்கள். அது பெரும்பாலும் இன்வெர்ட்டரின் அளவு. அவருடைய பேனலின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று கேளுங்கள். 590 வாட் பேனல் ஆறு என்றால் அவருடையது 3.54 கிலோவாட். அப்படியே இருந்தாலும் அவருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 3.3 வருகிறது, உங்களுக்கு 3. ஒரே தெரு, ஒரே மேகம். பத்து சதவீத வித்தியாசத்துக்கு ஏதோ ஒரு காரணம் இருக்க வேண்டும். உங்கள் மாடிப் புகைப்படத்தில் அந்தக் காரணம் தெரிகிறது என்றே நினைக்கிறேன்: பேனல்களுக்குத் தெற்கே, படிக்கட்டு அறையின் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி.

திருச்சியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்கே இருக்கும் தொட்டியால் நண்பகலில் ஒரு தொல்லையும் இல்லை. ஆகஸ்ட் கடந்ததும் சூரியன் தெற்கே இறங்கத் தொடங்குகிறது. டிசம்பர் 22-ஐ ஒட்டி நண்பகலிலேயே 56 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. பேனலைவிட ஒரு மீட்டர் உயரமான பொருளின் நிழல் நண்பகலில் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளும். காலை ஒன்பது மணிவாக்கில் ஒன்றரை மீட்டர் நீளும். தொட்டியின் மேல் விளிம்பு பேனலைவிட எத்தனை மீட்டர் உயரமோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆறு பேனல்களும் ஒரே வரிசையாகத் தொடுக்கப்பட்டவை. ஒன்றின் கீழ்விளிம்பில் ஒரு சாண் நிழல் விழுந்தாலே அந்தப் பேனலில் பெரும்பகுதி வேலை நின்றுவிடலாம். பிப்ரவரியில் வந்து இடம் பார்த்தவர் நண்பகலில் பார்த்திருந்தால் இந்த நிழல் அவர் கண்ணில் பட்டிருக்காது.

இதை உறுதிப்படுத்தச் செயலியே உதவும். உண்மையில் செயலியில் மதிப்புள்ள பகுதி, அந்த நாளின் உற்பத்தியைக் காலை முதல் மாலை வரை கோடாக வரைந்து காட்டும் வரைபடம்தான். பலரும் அதைத் திறப்பதே இல்லை, அன்றைய மொத்த யூனிட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மேகமே இல்லாத ஒரு நாளில் அந்தக் கோடு ஏறி இறங்கும் வழவழப்பான மேடாக இருக்க வேண்டும். மேக நாளில் ரம்பப் பல்லைப் போல் இருக்கும். அதில் படிப்பதற்கு ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். தெளிந்த நாள்களில் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கோடு கடிபட்டதுபோல் குழிந்தால் அது நிழல். உங்களுக்குக் காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில் அப்படி ஒரு குழி இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. மேட்டின் உச்சி மட்டும் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருந்தால் இன்வெர்ட்டர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள், அது பழுதில்லை. மேடு முழுவதும் சமமாகத் தாழ்ந்திருந்தால், அதாவது வடிவம் மாறாமல் உயரம் மட்டும் குறைந்திருந்தால், பேனலில் அழுக்கு.

கோடு திடீரென்று செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்து, சற்று நேரம் கழித்து மறுபடி எழுந்தால் அங்கே கவனம் வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மின்தடை. தெருவில் மின்சாரம் இல்லாதபோது உங்கள் வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்; கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் உயிருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாளில், எவ்வளவு வெயில் அடித்தாலும் உங்கள் உற்பத்தி ஏறக்குறைய பூஜ்யம்தான். அந்த நாளை நாள்காட்டியில் குறித்துவைத்தால் பின்னால் குழப்பம் வராது. மற்றொரு காரணம் அழுத்தம். சோலார் போட்ட வீடுகள் ஒரே தெருவில் பெருகும்போது நண்பகலில் அந்தத் தடத்தின் வோல்டேஜ் ஏறும். இன்வெர்ட்டருக்கு வகுத்த எல்லையைத் தாண்டினால் அது நின்று, காத்திருந்து, திரும்பத் தொடங்கும். நல்ல வெயில் நேரத்தில்தான் இது நடக்கும் என்பதால் இழப்பு பெரிது, ஆனால் மாத மொத்தத்தில் கண்ணுக்குத் தெரியாது. செயலியில் எச்சரிக்கைப் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் மின்தட அழுத்தம் பற்றிய பதிவுகள் வாரத்துக்குப் பலமுறை வந்திருந்தால், தேதி நேரத்தோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கழுவுவது பற்றியும் கேட்க நினைத்திருப்பீர்கள். மழை நின்றபின் தை தொடங்கி வைகாசி வரைதான் நம் ஊரில் தூசிக் காலம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். சூரியன் ஏறுவதற்கு முன்போ மாலையிலோ மட்டும் கழுவுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படலம் படியும்; நல்ல நீரால் கழுவி, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். காக்கை எச்சத்தை மட்டும் காத்திருக்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். கழுவுவதற்கு முன்னால் ஒரு தெளிந்த நாள், கழுவிய பின்னால் ஒரு தெளிந்த நாள், இரண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்பதை அந்த இரண்டு கோடுகளே உங்களுக்குச் சொல்லிவிடும்.

வெயில் கொளுத்தும் ஏப்ரல் நண்பகலில்கூட 3.24 கிலோவாட்டை நீங்கள் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன், இல்லையென்றால் கோடையில் அதற்கொரு கடிதம் எழுதுவீர்கள். 540 வாட் என்பது பேனல் 25 பாகை சூட்டில் இருக்கும்போது அளந்தது. நம் மொட்டை மாடியில் நண்பகல் பேனல் 60 பாகையைத் தாண்டும். ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உற்பத்தி குறையும். 2.7 கிலோவாட் வந்தாலே நன்று.

முதல் பில் ஏறிய காரணத்தைத் தேதிகளைப் பார்த்ததும் ஊகித்துவிட்டேன். பேனல் பொருத்தியது பிப்ரவரி முதல் வாரம், நெட் மீட்டர் மாட்டியது அம்மாதக் கடைசி. இடையில் மூன்று வாரம் பழைய மீட்டரோடு சோலாரை ஓடவிட்டிருக்கிறார்கள். பழைய மின்னணு மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் செலவாகவே எண்ணும். திருட்டைத் தடுப்பதற்காக அப்படிச் செய்யப்பட்டவை. நீங்கள் வெளியே கொடுத்த ஒவ்வொரு யூனிட்டும் நீங்கள் வாங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. மீட்டர் மாற்றிய தேதி, அன்றைய பழைய ரீடிங், இன்வெர்ட்டரில் அந்த மூன்று வார உற்பத்தி ஆகியவற்றைச் சேர்த்து மனு கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் நெட் மீட்டர் வருவதற்கு முன்பே இயக்கியது முறையில்லை என்பதால், பணம் திரும்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். புதிதாகப் போடுபவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நெட் மீட்டர் மாட்டி முடிக்கும்வரை, ‘சும்மா ஓட்டிக் காட்டுகிறேன்’ என்று யார் சொன்னாலும் இன்வெர்ட்டரைத் தொட விடாதீர்கள்.

இனி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. தினமும் பார்க்கத் தேவையில்லை. தினமும் பார்ப்பவர்கள் மேகத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள், அவ்வளவுதான். மாதம் முதல் தேதி காலையில் ஒரு முறை, ரீடிங் எடுக்க ஊழியர் வரும் நாளில் ஒரு முறை. ஒரு நோட்டில் தேதி, இன்வெர்ட்டரில் தொடக்கம் முதலான மொத்த உற்பத்தி, மீட்டரில் இம்போர்ட், எக்ஸ்போர்ட். நான்கே கட்டங்கள். இன்வெர்ட்டரின் மொத்த உற்பத்தியை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டு வைஃபை நின்றுபோன நாள்களில் செயலி குறைத்துக் காட்டும், ஆனால் இன்வெர்ட்டரின் உள்ளே ஓடும் மொத்த எண் நிற்காது. இன்வெர்ட்டருக்கு அருகில் தனியாக உற்பத்தி மீட்டர் வைத்திருந்தால் அதன் எண்ணையே எழுதுங்கள், அதுதான் துல்லியம்.

இந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டு மாதக் கணக்கின் ஐம்பதாவது நாளில் இம்போர்ட்டிலிருந்து எக்ஸ்போர்ட்டைக் கழித்துப் பாருங்கள். ஏப்ரல்-மே கணக்கில் அது 480-ஐ நெருங்கலாம். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். கடைசிப் பத்து நாளில் கொஞ்சம் கவனமாக இருந்தாலே அது மிச்சம்.

துவைக்கும் இயந்திரத்தையும் மோட்டாரையும் பகலில்தான் ஓட்ட வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் பில்லில் வெளியே போன யூனிட் அப்படியே யூனிட்டுக்கு யூனிட் கழிக்கப்பட்டிருக்கிறது. பகலில் ஓடினாலும் இரவில் ஓடினாலும் கட்டணம் மாறப்போவதில்லை. வீட்டில் உள்ளவர்களை அதற்காக விரட்ட வேண்டாம்.

தொட்டி விஷயத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மார்கழிதான் நிழல் மிக நீளும் காலம், இதை விட்டால் அடுத்த ஆண்டுதான் பார்க்க முடியும். ஒரு தெளிந்த நாளில் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை மணிக்கு ஒரு புகைப்படம் எடுத்து, அன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள். குழியும் நிழலும் ஒரே நேரத்தில் இருந்தால், பொருத்தியவரைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டுங்கள். திட்டத்தின்படி ஐந்து ஆண்டு பராமரிப்பு அவர் பொறுப்பு. பேனல் வரிசையை வடக்கே ஒரு மீட்டர் நகர்த்தவோ தாங்கியை உயர்த்தவோ என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் 2 கிலோவாட் விற்பதைவிட இது அவருக்குச் சின்ன வேலை என்பதால் தட்டிக்கழிக்கப் பார்ப்பார். விடாமல் கேளுங்கள்.

நகர்த்த இடமில்லை என்று தெரிந்தால் தொட்டியைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் அந்தப் படங்களை எனக்கும் அனுப்பிவையுங்கள். தொட்டியின் உயரத்தையும், பேனலிலிருந்து அது எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.